லெனேசியா அறையில் சுட்ட கல் அரை மணியில் ஆறுவது

தென்னாப்பிரிக்காவில் ஜோகன்னஸ்பர்க் பக்கம் இருக்கும் லெனேசியாவில், குளிர்கால இரவில் அறையைச் சூடாக்க நீங்கள் சுட்டு வைக்கும் கல் அரை மணியில் ஆறிவிடுகிறது என்கிறீர்கள். கல்லில் குறை இல்லை, அதில் சேரும் சூடே கொஞ்சம்தான். நீங்கள் வைக்கும் 10 கிலோ கல் 150 டிகிரியிலிருந்து 20க்கு ஆறும்வரை தருவது சுமார் 0.3 யூனிட். ஒரு கிலோவாட் ஹீட்டர் 18 நிமிடத்தில் அதைத் தந்துவிடும். எனவே கல்லை மின்சார அடுப்பில் சுட்டால் காசு மிச்சமாகாது. சமைத்து முடித்த ஓவனின் மிச்சச் சூடு, இல்லை வடக்கு ஜன்னல் வெயில் (குளிர்காலச் சூரியன் இங்கே வடக்கில்தானே) என்றால் சரி.

அறை சீக்கிரம் குளிர்வது பெரும்பாலும் கதவிடுக்கால். இரவில் கதவடியில் ஊதுபத்தியைப் பிடித்துப் பாருங்கள். புகை உள்ளே சாய்ந்தால் முதலில் அதை அடையுங்கள்.

ஆற்றுக் கல் வேண்டாம், உள்ளே ஈரமிருந்தால் சூட்டில் வெடிக்கும். காய்ந்த செங்கல் போதும். அப்புறம், கல்லைச் சுடுகிறேன் என்று இம்பாவுலாக் கரியடுப்பை மூடிய அறைக்குள் கொண்டுவராதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது.