லுட்ஸ், ஆக்ஸல், லேண்டிங்: ஃபிகர் ஸ்கேட்டிங் கேள்வி-பதில்

(எல்லாப் பதில்களும் இடப்பக்கமாகச் சுற்றுபவர்களுக்கு. மற்றவர்கள் கால்களை மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.)

கே: மகளுக்கு 10 வயது. ஆக்ஸல் (முன்னோக்கிக் கிளம்பும் ஒன்றரைச் சுற்றுத் தாவல்) போடும்போது காற்றிலேயே இடப்பக்கம் சாய்ந்து விழுகிறாள்.

ப: இடது காலில் கிளம்புகிறாள், எடை வலப்பக்கத்துக்கு வந்து சேர்வதில்லை. அதனால்தான் சாய்வு. இரண்டு வாரம் ஆக்ஸலை நிறுத்துங்கள். வால்ட்ஸ் ஜம்ப் (அரைச் சுற்றுத் தாவல்) போட்டு இறங்கிய வலது காலிலேயே பேக்ஸ்பின் சுற்றட்டும். வீட்டில், படிக்கட்டின் கீழே இடது காலை ஊன்றி, வலது காலால் மேல்படி ஏறி ஒற்றைக் காலில் நிற்கச் சொல்லுங்கள். வலது தோள், இடுப்பு, பாதம் மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாக வரவேண்டும். பேக்ஸ்பின் ஐந்து சுற்றாவது வரும்வரை ஆக்ஸல் வேண்டாம். எத்தனை முறை எழுதினாலும் இதே கடிதம் வந்துகொண்டுதான் இருக்கிறது.

கே: டபுள் (இரட்டைச் சுற்றுத் தாவல்) வர எத்தனை மாதம் ஆகும்?

ப: எந்த டபுள்? சால்கோவா, ஆக்ஸலா? வயது என்ன? சிங்கிள் எல்லாம் வருகிறதா? ஒன்றும் சொல்லாமல் மாதக்கணக்கு கேட்டால் ஜோசியரிடம்தான் போகவேண்டும்.

கே: டிராம்போலின் உதவுமா?

ப: காற்றில் கைகளை இறுக்கிக்கொள்ளப் பழகலாம். வழுக்கிக்கொண்டே இறங்கப் பழக முடியாது.

கே: என் லுட்ஸ் நல்ல உயரம். ஆனாலும் போட்டியில் ஒவ்வொரு முறையும் 'ஈ' குறி (தவறான எட்ஜ், அதாவது தவறான பிளேடு விளிம்பு) போடுகிறார்கள். நடுவர்கள் ஏன் இவ்வளவு கறார்?

ப: முதலில், அந்தக் குறியைப் போடுவது நடுவர்கள் இல்லை, எந்தத் தாவல், சரியாகப் போட்டதா என்று பார்க்கும் டெக்னிக்கல் பேனல். வீடியோவைத் திரும்ப ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் போடுகிறார்கள். அப்புறம், நீங்கள் போடுவது லுட்ஸே இல்லை, உள் எட்ஜில் கிளம்பும் ஃபிளிப். 1913-ல் அலோயிஸ் லுட்ஸ் போட்டுக் காட்டியதிலிருந்து இந்தத் தாவலின் கஷ்டமே ஒன்றுதான்: பின்னோக்கிச் சறுக்கியபடி வெளி எட்ஜில் ஒரு பக்கம் வளைந்து வந்து, அதற்கு எதிர்ப்பக்கம் சுற்றவேண்டும். வலது காலைப் பின்னால் நீட்டும்போதே இடுப்பு அவசரப்பட்டுத் திரும்பினால், இடது கணுக்கால் உள்ளே சரிந்துவிடும். உயரம் எவ்வளவு இருந்து என்ன பயன்?

ஐஸைப் புதுப்பித்ததும் முதல் ஆளாக இறங்குங்கள். இடது வெளி எட்ஜில் வந்து, வலது டோ பிக்கை (பிளேடின் முன்முனைப் பற்களை) ஊன்றி, தாவாமல் நின்றுவிடுங்கள். திரும்பிப் பார்த்தால் பிளேடு போட்ட கோடு பளிச்சென்று தெரியும். டோ பிக் குத்திய குழிவரை ஒரே வளைவாக இருந்தால் சரி. கடைசி ஓரடியில் நேராகி மறுபக்கம் நெளிந்திருந்தால் அந்த இடத்தில்தான் எட்ஜ் மாறியிருக்கிறது. வலது தோளைப் பின்னாலேயே வைத்துக்கொண்டு மறுபடி செய்யுங்கள். பாதி ரிங்க் தூரம் ஒரே எட்ஜில் காத்திருக்கவும் வேண்டாம், இரண்டு விநாடி போதும். கோடு பத்துக்கு எட்டு முறையாவது சுத்தமாக விழும்வரை தாவவே கூடாது.

என் கோபமெல்லாம் சிங்கிளிலேயே இதைப் பார்த்துவிட்டு "போகப் போகச் சரியாகும்" என்று விட்டுவிடும் பயிற்சியாளர்கள்மேல்தான். போகப் போக அது ஊறித்தான் போகும். டிரிபிள் வந்தபிறகு திருத்துவது பெரும்பாடு.

கே: இறங்கியதும் முன்னால் கவிழ்கிறேன். உடம்பும் சுற்றிக்கொண்டே போகிறது.

ப: குனிந்து ஐஸைப் பார்க்கிறீர்கள், கைகளைத் தாமதமாக விரிக்கிறீர்கள். பேக்ஸ்பின்னிலிருந்து வெளியே வந்து, வலது முழங்காலை மடக்கி, இடது காலைப் பின்னால் நீட்டி மூன்று எண்ணும்வரை அசையாமல் போங்கள். ஆமாம், மறுபடியும் பேக்ஸ்பின்தான்.

கே: சென்னையில் ரோலர் ஸ்கேட்தான் கிடைக்கிறது. இதெல்லாம் அதில் செய்யலாமா?

ப: தாராளமாக. டோ லூப் என்ற தாவலை அங்கே மேப்ஸ் என்பார்கள், அவ்வளவுதான்.

கே: பிளேடு தீட்டக் கொடுத்தேன். ஹாக்கி ஸ்கேட் தீட்டுபவர் முன்னால் இருந்த பெரிய பல்லைத் தேய்த்துவிட்டார். பழகிக்கொள்ளலாமா?

ப: கூடாது. டோ பிக்கின் அந்தக் கீழ்ப்பல் போனால் ஸ்பின்னும் போச்சு, ஆக்ஸலும் போச்சு. புது பிளேடு வாங்குங்கள். 20, 30 மணி நேரத்துக்கு ஒருமுறை தீட்டினால் போதும், அதையும் ஃபிகர் ஸ்கேட் தெரிந்தவரிடம் மட்டும் கொடுங்கள்.