உடம்பைப் பழித்துப் பேசும் சொற்கள் ஏன் இன்னும் நம் வாயை விட்டுப் போகவில்லை?

என் தங்கச்சியை வைத்துத்தான் என்னால் இதற்குப் பதில் சொல்ல முடியும்.

11 வயதில் அவளுடைய முழங்கையில் ஒரு வெள்ளைப் புள்ளி வந்தது. தேமல் என்று நினைத்து அம்மா மஞ்சள் பூசினார். இரண்டு வருடத்தில் அது விரல் நுனிக்கும் உதட்டோரத்துக்கும் பரவிவிட்டது. திருகோணமலையில் எங்கள் தெருவில் அதற்கு ஒரே பெயர்தான்: வெண்குட்டம்.

அம்மம்மாவின் 31ஆம் நாள் கிரியைக்குக் கன்னியாவுக்குப் போயிருந்தோம். இராவணன் தன் தாயின் கிரியைக்காக உண்டாக்கியதாகச் சொல்லப்படும் ஏழு வெந்நீர்க் கிணறுகள் அங்கே இருக்கின்றன. தங்கச்சி ஒரு கிணற்றில் வாளியை விட்டு அள்ளித் தலையில் ஊற்றினாள். பக்கத்தில் நின்ற ஒரு அம்மா தன் மகளின் கையைப் பிடித்து இழுத்து, "இந்தக் கிணறு வேண்டாம் பிள்ளை, மற்றதுக்குப் போவம்" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். ஆனாலும் கேட்டது. தங்கச்சி வாளியைக் கிணற்றுக் கட்டில் வைத்துவிட்டு, ஈர உடுப்போடு போய் நாங்கள் வந்த வான் வண்டிக்குள் உட்கார்ந்துவிட்டாள்.

அந்த அம்மா கெட்டவர் இல்லை. அவரைப் பயமுறுத்தியது அந்தப் பெயர். குட்டம் என்றால் தொழுநோய். அது கிருமியால் வருவது என்று 1873இல் நோர்வே மருத்துவர் ஹான்சன் கண்டறிந்தார். மட்டக்களப்பு வாவியில் மாந்தீவு என்ற தீவில் தொழுநோயாளரைப் பிரித்து வைத்த ஆஸ்பத்திரியும் இருந்தது, அதனால் எங்கள் பக்கத்தில் அந்தப் பயம் பழையது. இன்றைக்கு அதுவே மருந்தால் முழுதாகக் குணமாகிற நோய். தங்கச்சிக்கு இருப்பதோ வேறு: தோலுக்கு நிறம் கொடுக்கும் கலங்களை உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அழித்துவிடுகிறது. தொட்டாலும் ஒரே தண்ணீரில் குளித்தாலும் தொத்தாது. உலகத்தில் ஏறக்குறைய நூறில் ஒருவருக்கு இருக்கிறது. பெயரைத் தவிர இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

மற்றச் சொற்கள் போகாததற்குக் காரணம், அவை அன்பாகவே புழங்குவதுதான் என்று நினைக்கிறேன். கலியாண வீட்டு வாசலில் "என்ன பிள்ளை, இப்பிடிக் கறுத்துப் போனாய்?" என்பது சுகம் விசாரிப்பு. அதை மறுத்தால் நாங்கள்தான் மரியாதை தெரியாதவர்கள். சில சொற்கள் பேச்சோடு பேச்சாக ஊறிவிட்டன. போரில் கால் இழந்தவர்கள் எத்தனையோ பேர் வாழும் மாகாணம் இது, ஆனாலும் "நொண்டிச் சாட்டு" என்று கூசாமல் சொல்கிறோம். செயற்கைக் கால் போட்ட ஒரு அண்ணா இருந்த மேசையில் நானே அதைச் சொல்லியிருக்கிறேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, தேத்தண்ணிக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகம் எனக்கு மறக்காது.

சரி, என்ன செய்யலாம்? எங்கள் வீட்டில் முதலில் பெயரை மாற்றினோம். தமிழ்நாட்டில் சொல்வது போல வெண்புள்ளி என்றோம். பெரியம்மா பழைய பெயரைச் சொல்லும்போதெல்லாம், சண்டை பிடிக்காமல் "வெண்புள்ளி, பெரியம்மா" என்று மட்டும் சொல்வேன். "ரெண்டும் ஒண்டுதானே" என்பார். மூன்று வருடம் இப்படியே போனது.

போன தைப்பொங்கலுக்கு வந்த ஒருவர் தங்கச்சியின் கையைப் பார்த்துவிட்டு, அவள் நீட்டிய தட்டை வாங்கத் தயங்கினார். நான் வாய் திறக்கும் முன்பே பெரியம்மா, "அது வெண்புள்ளி. தொத்தாது. வாங்கிச் சாப்பிடுங்கோ" என்றார்.

"கறுத்துப் போனாய்" என்பதை அவர் இன்னும் விடவில்லை. அதற்கும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.