இரட்சிப்பு இலவசம் என்றால் பரலோகத்தில் பலன் எதற்கு?

கேள்வி இது: "விசுவாசத்தினால் மட்டுமே இரட்சிப்பு என்கிறீர்கள். அப்புறம் கிரீடம், பலன் என்றெல்லாம் வேதத்தில் ஏன் இருக்கிறது? அந்தப் பலனுக்காகத்தான் ஆவிக்குரிய வளர்ச்சியா? பெரிதாக ஒன்றும் செய்யாத என்னைப் போன்ற விசுவாசிக்கு அங்கே என்ன கிடைக்கும்?"

நான் இறையியல் படித்தவன் இல்லை. ஊர் கன்னியாகுமரி மாவட்டம் விளவங்கோடு தாலுகாவில், களியக்காவிளை சோதனைச்சாவடியிலிருந்து சைக்கிளில் அரை மணி நேரம். சபை சி.எஸ்.ஐ., அதாவது தென்னிந்தியத் திருச்சபை. 19 வருஷம் ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். இந்தக் கேள்வி என்னை ஒரு காலத்தில் நன்றாக அலைக்கழித்திருக்கிறது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் நேரடி பதில். இரட்சிப்பு ஈவு, அதில் நம் கிரியைக்கு இடமில்லை என்று எபேசியர் 2:8, 9 சொல்கிறது. அடுத்த வசனத்தையும் சேர்த்து வாசியுங்கள்: நற்கிரியை செய்வதற்கென்றே நாம் கிறிஸ்துவுக்குள் சிருஷ்டிக்கப்பட்டிருக்கிறோம் என்று இருக்கிறது. அந்தக் கிரியை என்ன ஆகும் என்பதற்கான பதில் 1 கொரிந்தியர் 3-ஆம் அதிகாரத்தில். அஸ்திபாரம் ஒன்றே, அது இயேசு கிறிஸ்து. அதன்மேல் ஒருவன் பொன், வெள்ளி, விலையேறப்பெற்ற கல் வைத்துக் கட்டுகிறான். இன்னொருவன் மரம், புல், வைக்கோல் வைத்துக் கட்டுகிறான். "அவனவனுடைய வேலைப்பாடு வெளியாகும், நாளானது அதை விளங்கப்பண்ணும்" என்கிறார் பவுல். கட்டினது வெந்துபோனால் அவனுக்கு நஷ்டம்தான். ஆனால் அவன் இரட்சிக்கப்படுவான், அக்கினியில் அகப்பட்டுத் தப்பினதுபோல. ஆகவே அந்த நாளில் சோதிக்கப்படுவது வேலை. உள்ளே போவதா வெளியே நிற்பதா என்ற கேள்வி, அஸ்திபாரத்தில் ஏற்கெனவே முடிந்துவிட்டது.

இந்தப் பகுதி எனக்குப் புரிந்தது ஒரு ரப்பர் தோட்டத்தில்.

என் அப்பா பால்வெட்டுக்காரர். நாற்பது வருஷம் மற்றவர்கள் தோட்டத்தில் வெட்டினார். விடியுமுன் குளிர்ச்சியில்தான் பால் நன்றாக ஓடும் என்பதால் மூன்று மணிக்கே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். பள்ளி விடுமுறையில், பால் வடியும் சிரட்டைகளைத் துடைக்க நானும் கூடப் போவேன். பட்டையைச் சீவுவதில்தான் தொழிலே இருக்கிறது. உள்தடிக்கு மேலே ஒரு மில்லிமீட்டர் கனத்துக்குப் பட்டையை விட்டுவிட்டுச் சீவ வேண்டும். கத்தி அதையும் தாண்டித் தடியில் பட்டால் மரத்துக்குக் காயம். ஆழமாக வெட்டுகிறவனுக்கு அன்றைக்குப் பால் கூடுதலாகவே கிடைக்கும், முதலாளி முகமும் மலரும். வெட்டின இடத்தில் புதுப்பட்டை வளர்ந்து, ஏறக்குறைய பத்து வருஷம் கழித்து அதே பக்கத்தில் மறுபடி கத்தி வைக்கும்போதுதான் சங்கதி தெரியும்.

புதிதாக ஒரு தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தால், அப்பா கத்தியை எடுக்கும் முன் மரத்தைக் கையால் தடவிப் பார்ப்பார். என் கையையும் பிடித்து வைத்துத் தடவச் சொல்வார். ஒரு மரம் இழைத்த பலகை போல இருக்கும். பக்கத்து மரம் முண்டும் முடிச்சுமாக, கத்தியே ஓடாது. "முன்னே வெட்டுனவன் யாருன்னு தெரியாது மக்களே. எப்படி வெட்டுனான்னு மரம் சொல்லுது" என்பார். அந்த முடிச்சு மரம் செத்துவிடவில்லை. தளிர்த்துக்கொண்டு நின்றது, இலையெல்லாம் பச்சையாகத்தான் இருந்தது. பால் எடுக்கத்தான் இடமில்லை.

பிற்பாடு "நாளானது அதை விளங்கப்பண்ணும்" என்று வாசிக்கும்போதெல்லாம் என் விரல் நுனிக்கு அந்த முடிச்சுகள் நினைவு வரும். ஆனாலும் அதை வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொன்னேனே தவிர, எனக்கென்று எடுத்துக்கொள்ளவில்லை.

சில வருஷங்களுக்கு முன் நான் போய்வந்த ஆலயத்தை ஒட்டி ஒரு கட்டடம் எழுப்பினோம். பணம் பிரித்தது, மண் லாரியோடு ராத்திரி காத்துக் கிடந்தது, சிமெண்டுக்கு அலைந்தது என்று இரண்டு வருஷம் அதிலேயே போனது. பிரதிஷ்டை அன்று கல்வெட்டின் திரையை விலக்கினார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். நான் பெயர்களை மேலிருந்து கீழாக வாசித்தேன், அப்புறம் கீழிருந்து மேலாக. என் பெயர் இல்லை. அன்றைய அசன விருந்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்று மாதம் ஓய்வுநாள் பள்ளிக்குப் போகவில்லை. பிள்ளைகள் வீட்டுக்கே வந்து கேட்டபோது உடம்பு சரியில்லை என்று பொய் சொன்னேன். அதை இன்றைக்கும் நினைத்தால் வலிக்கிறது.

அந்த நாட்களில் ஒரு ராத்திரி மத்தேயு 6-ஆம் அதிகாரம். மனுஷரால் புகழப்படத் தாரை ஊதித் தருமம் செய்கிறவர்களைக் குறித்து இயேசு, "அவர்கள் தங்கள் பலனை அடைந்து தீர்ந்தது" என்கிறார். அந்த இடத்தில் மூலமொழியில் வரும் கிரேக்கச் சொல், அக்காலத்து ரசீதுகளில் 'முழுத்தொகையும் பெற்றுக்கொண்டேன்' என்று எழுதப் பயன்பட்ட சொல். நான் கேட்டதும் அந்த ரசீதைத்தான். சலவைக்கல்லில் கேட்டேன், அவ்வளவுதான். கொடுத்திருந்தால் என் கணக்கு அன்றைக்கே தீர்ந்திருக்கும். பெயர் விட்டுப்போனது எனக்கு ஆண்டவர் செய்த தயவு என்று இப்போது மனதாரச் சொல்கிறேன். அன்றைக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை.

என்னைத் திருப்பிவிட்டது என் பெரியம்மா. அவருக்கு அதிகம் எழுதப் படிக்கத் தெரியாது. நான் எட்டாம் வகுப்பில் இருந்தபோது ஆனி மழையில் அப்பா தோட்டத்தில் வழுக்கி விழுந்து கால் ஒடிந்தது. வெட்டு இல்லை, கூலி இல்லை. அந்த நாலு மாதமும் பெரியம்மா பள்ளிக்கு நேரமாகும் முன்னே ஒரு தூக்குச்சட்டியில் அவித்த மரச்சீனிக் கிழங்கும் சாளை மீன் குழம்பும் கொண்டுவந்து அடுக்களைத் திண்ணையில் வைத்துவிட்டுப் போவார். உள்ளே வந்து உட்காரக்கூட மாட்டார். அம்மா கூச்சப்படக் கூடாதே என்று. அவர் வீட்டிலும் மூன்று பிள்ளைகள், அந்த வீட்டு நிலைமையும் எனக்குத் தெரியும்.

அந்தக் கல்வெட்டு விஷயத்துக்குப் பிறகு ஒருநாள் அவர் வீட்டுத் திண்ணையில் இருந்து புலம்பிவிட்டு, நடுவில் இதைச் சொன்னேன்: "பெரியம்மா, நீங்க அந்த மழைக்காலத்தில் எங்களுக்குச் சோறு போட்டீங்களே." அவர் யோசித்தார். முகத்தைச் சுருக்கிக்கொண்டு நிஜமாகவே யோசித்தார். "நானா? அப்படியா மக்களே? உங்க அப்பாவுக்குக் கால் ஒடிஞ்சது ஞாபகம் இருக்கு. கிழங்கு கொண்டு வந்தது ஞாபகம் இல்லியே."

மத்தேயு 25-இல் ராஜாவின் வலதுபக்கம் நிற்கிறவர்களும் இதைத்தான் கேட்கிறார்கள்: ஆண்டவரே, நாங்கள் எப்பொழுது உம்மைப் பசியுள்ளவராகக் கண்டு போஜனம் கொடுத்தோம்? தாழ்மையாகப் பேசுகிறார்கள் என்று நினைத்திருந்தேன். இல்லை, அவர்களுக்கு உண்மையாகவே ஞாபகம் இல்லை. நினைவில் வைத்திருந்தவர் ராஜா. "உங்கள் கிரியையையும் அன்புள்ள பிரயாசத்தையும் மறந்துவிட தேவன் அநீதியுள்ளவரல்ல" என்ற பொருளில் எபிரெயர் 6:10 சொல்வதும் அதுவே. கணக்கு வைப்பது அவர் வேலை. நான் 19 வருஷமாக அவர் வேலையையும் சேர்த்துச் செய்துகொண்டிருந்தேன்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு, அதாவது வளர்ச்சியைப் பற்றின கேள்விக்கு, எனக்குத் தெரிந்த பதில் இந்த மறதியில்தான் இருக்கிறது. 2 பேதுரு 1-இல் விசுவாசத்தோடே தைரியம், ஞானம், இச்சையடக்கம், பொறுமை, தேவபக்தி, சகோதர சிநேகம் என்று ஒன்றின்மேல் ஒன்றாகக் கூட்டிக்கொண்டே போய்க் கடைசியில் அன்பில் முடிக்கிறார். வேதம் எத்தனை முறை வாசித்து முடித்தோம், எத்தனை உபவாசம் என்ற எண்ணிக்கை அந்த வரிசையில் இல்லை. வாசிப்பும் ஜெபமும் வேண்டாம் என்று சொல்லவில்லை, அவை இல்லாமல் இந்த வளர்ச்சி இல்லை. ஆனால் அவை கத்தி தீட்டுவது மாதிரி. தீட்டின கத்தியோடு மரத்துக்குப் போக வேண்டும்.

அப்படியானால் பலனை எதிர்பார்ப்பது தப்பா? தப்பில்லை, இதில் நான் உறுதியாக இருக்கிறேன். தேவன் தம்மைத் தேடுகிறவர்களுக்குப் பலன் அளிக்கிறவர் என்று விசுவாசிக்க வேண்டும் என்று எபிரெயர் 11:6 சொல்கிறது. மோசே இனிவரும் பலன்மேல் நோக்கமாயிருந்தான் என்று அதே அதிகாரம் சொல்கிறது. பவுலும் வெட்கப்படாமல் கிரீடத்தைப் பற்றிப் பேசுகிறார். கொரிந்துப் பட்டணத்துப் பக்கத்திலேயே இஸ்த்மியா விளையாட்டுகள் நடந்தன. ஜெயித்தவன் தலையில் வைப்பது பைன் தழையிலோ காய்ந்த செலரித் தழையிலோ பின்னின வளையம்தான். அதற்காக அவர்கள் அவ்வளவு இச்சையடக்கமாயிருக்கிறார்களே, நாமோ அழிவில்லாத கிரீடத்துக்காக அல்லவா ஓடுகிறோம் என்கிறார் (1 கொரிந்தியர் 9:25).

இதைப் படிக்கும்போது எனக்கு நெய்யூர் மருத்துவமனை ஞாபகம் வரும். நெய்யூர் எங்கள் பகுதிதான், அன்று திருவிதாங்கூர் ராஜ்யம். லண்டன் மிஷனரி சங்கத்தின் அந்த மருத்துவமனைக்கு 1922-இல் எவரெஸ்ட் ஏறப் போய்விட்டுத் திரும்பின ஓர் இளம் அறுவைச் சிகிச்சை மருத்துவர் சுற்றிப் பார்க்க வந்தார். தியோடர் ஹோவர்ட் சாமர்வெல். காத்துக் கிடந்த கூட்டத்தையும், தனியாகச் சமாளித்துக்கொண்டிருந்த மருத்துவரையும் பார்த்தார். லண்டனில் கிடைக்கவிருந்த உயர்ந்த இடத்தை விட்டுவிட்டு இங்கேயே வந்துவிட்டார். 1924-இல் மறுபடி எவரெஸ்ட் போய், பிராணவாயு உருளை இல்லாமல் ஏறக்குறைய 28,000 அடி ஏறினார். இறங்கும் வழியில் தொண்டை அடைத்துச் சாகப் பார்த்துப் பிழைத்தார். 1922 பயணத்துக்காக அந்தக் குழுவுக்கு 1924 ஒலிம்பிக்கில் பதக்கமும் கொடுத்தார்கள். அதன்பின் நெய்யூரிலும் வேலூரிலுமாக வாழ்நாளின் பெரும்பகுதியை அறுவை மேசைக்கு முன்னால் நின்றே கழித்தார். பதக்கம் அழிவுள்ள கிரீடம். நெய்யூரில் அவர் தைத்து அனுப்பின வயிறுகளுக்கு யார் கல்வெட்டு வைத்தார்கள்? அவை எழுதப்பட்டிருக்கும் இடம் வேறு.

எல்லோருக்கும் ஒரே பலனா என்று அடுத்து மனதில் வரும். மத்தேயு 20-இல் திராட்சத்தோட்ட வேலைக்குக் கடைசி மணி நேரத்தில் வந்தவனுக்கும் அதே பணம். லூக்கா 19-இல் எஜமானின் பணத்தைப் பெருக்கின ஊழியரில் ஒருவனுக்குப் பத்துப் பட்டணம், ஒருவனுக்கு ஐந்து. இரண்டையும் இயேசுவே சொன்னார், ஒன்றை வைத்து மற்றதை அடித்துவிடக் கூடாது. எங்கள் ஊரில் கத்தோலிக்கர், இரட்சணிய சேனை, பெந்தெகொஸ்தே எல்லோரும் ஒரே தெருவில் இருக்கிறோம், இதைப் பற்றி விவாதமும் நடக்கும். தேவன் நம் நன்மைகளுக்கு முடிசூட்டும்போது தம்முடைய ஈவுகளுக்கே முடிசூட்டுகிறார் என்று ஆதிச் சபைப் பிதா அகுஸ்தீன் எழுதினதைச் சொன்னால் எல்லாப் பக்கமும் தலையசைக்கும். வெளிப்படுத்தல் 4-இல் மூப்பர்கள் தங்கள் கிரீடங்களைக் கழற்றிச் சிங்காசனத்துக்கு முன் வைத்துவிடுகிறார்களே, கிரீடம் யாருடையது என்று அவர்களுக்குத் தெரியும். ஆபிராமிடம் கர்த்தர் ஒரு பொருளையும் பலனாகக் காட்டவில்லை. "நான் உனக்கு மகா பெரிய பலனுமாயிருக்கிறேன்" என்றார். அவரையே அதிகமாக விரும்பக் கற்றுக்கொள்வதுதான் வளர்ச்சி என்றால், வளர்ந்தவனுக்கு அங்கே சந்தோஷப்பட அதிக இடம் இருக்கும். குறைவாக வளர்ந்தவனுக்கும் பாத்திரம் நிரம்பித்தான் இருக்கும், பாத்திரம் சின்னது.

பெரிதாக ஒன்றும் செய்யாத உங்களுக்கு என்ன கிடைக்கும் என்று கேட்டிருந்தீர்கள். பெரியம்மாவுக்கு இப்போது 84 வயது, கண் மங்கிவிட்டது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நான் போய் ஓர் அதிகாரம் வாசித்துக் காட்டுவேன். போன வாரம் மத்தேயு 10 வந்தது. சிறியரில் ஒருவனுக்கு ஒரு கலசம் தண்ணீர் கொடுக்கிறவனும் தன் பலனை இழந்துபோகமாட்டான் என்ற கடைசி வசனத்தை வாசித்ததும், "இன்னொருக்கா வாசி" என்றார். வாசித்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, "நீ வந்து எவ்வளவு நேரமாச்சு, ஒண்ணும் குடிக்கல்லியே" என்று கட்டன் சாயா போட அடுக்களைக்குப் போனார்.