நீலச் சாயம் இருக்கட்டும், மாத்திரையைச் சொன்னீர்களா?

அம்மாவுக்குத் தஞ்சாவூரில் பாராதைராய்டு (கழுத்தில் தைராய்டை ஒட்டியிருக்கும் சிறு சுரப்பி) கட்டியை எடுக்கப்போகிறார்கள், நீலச் சாயம் ஏற்றுவார்களாம், பயமாக இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். போகிற போக்கில் கடைசி வரியில் சொன்ன, அம்மா சாப்பிடும் மனச்சோர்வு மாத்திரைதான் (எஸ்சிட்டலோபிராம்) என்னை நிமிர வைத்தது.

அந்தச் சாயம் மெத்திலீன் ப்ளூவாக இருக்கும். அரிசிமணி போன்ற இந்தச் சுரப்பிகள் கழுத்துக் கொழுப்புக்குள் ஒளிந்துகொள்ளும். பெருத்தது நீலம் ஏறிக் காட்டிக்கொடுக்கும். ஆனால் அதே சாயம் செரட்டோனினை (மூளையில் செய்தி கடத்தும் வேதிப்பொருள்) சிதைக்கும் நொதியையும் தடுக்கிறது. செரட்டோனினைக் கூட்டும் இந்த மாத்திரையும் சேர்ந்தால் அது அளவுக்கு மீறிக் குழப்பம், நடுக்கம், காய்ச்சல் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2011இலேயே எச்சரித்துவிட்டது.

மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மருந்துச் சீட்டோடு போய் அறுவை மருத்துவர், மயக்க மருத்துவர் இருவரிடமும் காட்டுங்கள். ஸ்கேனில் கட்டியின் இடம் தெளிவாகத் தெரிந்தால் சாயம் எதற்கு என்றும் கேளுங்கள். நானாக இருந்தால் கேட்பேன். ஜி6பிடி (சிவப்பணுக்களைக் காக்கும் நொதி) குறைபாடு இருந்தால் இந்தச் சாயத்தால் இரத்தச் சிவப்பணுக்கள் உடையும், அதையும் சோதித்துக்கொள்வது நல்லது.

என் பெரியம்மாவுக்கு இந்தச் சாயம் ஏற்றினார்கள். மறுநாள் கட்டிலருகே தொங்கிய சிறுநீர் சேரும் பையில் வாழைக்குருத்துப் பச்சை! கும்பகோணத்திலிருந்து பார்க்க வந்த சித்தப்பா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அந்தப் பச்சை இரண்டொரு நாளில் தெளிந்துவிடும்.