திங்கட்கிழமை மேடைக்கு யாரை அழைப்பது?

வாசகர் கேள்வி: அமெரிக்காவில், அலபாமா மாநிலம் ஹன்ட்ஸ்வில்லில் பொறியாளராக இருக்கிறேன். வந்து ஒன்பது வருடம் ஆகிறது. இங்கே அலபாமா பல்கலைக்கழகத்தின் அமெரிக்க ஃபுட்பால் அணிக்கு ஒரு ரசிகர் மன்றம் உண்டு. ஆகஸ்ட் கடைசியிலிருந்து நவம்பர் கடைசி வரை ஒவ்வொரு திங்கள் மாலையும் கூட்டம். முதலில் சாப்பாடு, பிறகு சிறப்பு விருந்தினர் பேச்சு. எண்பது பேர் வரை வருவார்கள். இந்த வருடம் விருந்தினர்களை ஏற்பாடு செய்யும் பொறுப்பை என்னிடம் தந்துவிட்டார்கள். போன வருடம் மூன்று பேர் கடைசி நேரத்தில் வரவில்லை. வந்த பழைய வீரர் ஒருவர் ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசியதில் பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். யாரை, எப்போது, எப்படி அழைப்பது? பணம் தர வேண்டுமா? கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவன் நான். என்னால் இது முடியுமா?

பதில்: தாராளமாக முடியும். தென் மாநிலம் ஒன்றில் இதே போன்ற மன்றத்துக்குப் பன்னிரண்டு பருவங்களாக விருந்தினர்களை அழைத்து வருகிறேன். நானும் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவன்தான்.

முதலில், இந்தத் திங்கட்கிழமைப் பழக்கம் எப்படி வந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள். யாரை அழைப்பது என்ற கேள்விக்கு விடை அதில்தான் இருக்கிறது. குவார்ட்டர்பேக் கிளப், டச்டவுன் கிளப் என்ற பெயர்களில் இந்த மன்றங்கள் 1930களிலேயே தொடங்கிவிட்டன. ஃபிலடெல்ஃபியாவின் மேக்ஸ்வெல் கிளப் 1935இல் பிறந்தது. உங்கள் பக்கத்து ஊரான பர்மிங்ஹாமின் மன்றத்துக்குப் பெயரே 'திங்கள் காலை குவார்ட்டர்பேக் கிளப்'. அந்தக் காலத்தில் சனிக்கிழமை ஆட்டத்தைப் பார்த்தவர்கள் மைதானத்தில் இருந்தவர்கள் மட்டுமே. பயிற்சியாளர் படச்சுருளோடு வருவார், புரொஜெக்டரில் ஓட்டிக்காட்டி, எங்கே ஜெயித்தோம், எங்கே கோட்டைவிட்டோம் என்று விளக்குவார். தொலைக்காட்சி வந்த பிறகும், எத்தனை ஆட்டங்களை ஒளிபரப்பலாம் என்று கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்சிஏஏ கெடுபிடி வைத்திருந்தது. 1984இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த பிறகுதான் அது உடைந்தது. அதுவரை மன்றக் கூட்டத்துக்கு வந்தவர்கள் வேறெங்கும் எளிதில் கிடைக்காத ஒன்றைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

இன்று ஞாயிறு காலைக்குள் எல்லாக் கோணமும் கைபேசியில் வந்துவிடுகிறது. அந்த எண்பது பேரும் ஆட்டத்தை இரண்டு முறை பார்த்துவிட்டுத்தான் வந்து உட்காருகிறார்கள். பிரபலம் ஒருவர் வந்து "சனிக்கிழமை நன்றாக ஆடினோம், ரசிகர்களுக்கு நன்றி" என்று சொல்லிவிட்டுப் போனால் அவர்களுக்கு என்ன கிடைக்கும்? ஆகவே கேமராவில் விழாத ஒன்றைத் தெரிந்தவரைத் தேடுங்கள். பெயர் சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை.

தலைமைப் பயிற்சியாளரைத் துரத்தி நேரத்தை வீணாக்காதீர்கள். சனிக்கிழமை ஆட்டம், ஞாயிறு முழுக்க வீடியோ, திங்கள் பத்திரிகையாளர் சந்திப்பு, அதோடு அடுத்த எதிரணிக்கான திட்டம் என்று அவருடைய வாரம் நிரம்பிவிடும். பல்கலைக்கழகம் இருக்கும் டஸ்கலூசாவிலிருந்து ஹன்ட்ஸ்வில்லுக்குக் காரில் இரண்டரை மணி நேரம். பருவத்துக்கு நடுவில் ஒரு திங்கள் மாலை அவரோ துணைப் பயிற்சியாளரோ வருவது நடக்காத காரியம். அவர்கள்தான் வேண்டும் என்றால் மே, ஜூனில் தனியாக ஒரு கூட்டம் வையுங்கள்.

என் அனுபவத்தில் ஆள் எழாமல் கேட்ட பேச்சு ஓய்வு பெற்ற நடுவர் ஒருவருடையது. வந்ததும், ஆட்டத்தில் தவறு நடந்தால் நடுவர் வீசும் அந்த மஞ்சள் கொடியைப் பாக்கெட்டிலிருந்து எடுத்து முதல் மேசையில் போட்டார். 'டொப்'பென்று விழுந்தது. காற்றில் பறந்துவிடாமல் தூரம் போய் விழுவதற்காக ஒரு முனையில் கனம் வைத்து முடிந்த துணி அது. கை மாறிக் கை மாறிக் கொடி கூடம் முழுக்கச் சுற்றியது. முப்பது வருடமாக ஆட்டம் பார்க்கிறவர்கள், ஒருமுறை கூடத் தொட்டதில்லை! அது சுற்றி வருவதற்குள் அவர் அதன் கதையைச் சொன்னார். 1941 வரை நடுவர்கள் ஊதுகுழலை ஊதித்தான் தவறைக் காட்டினார்கள். இரைச்சலில் அது யாருக்கும் கேட்காது. யங்ஸ்டவுன் கல்லூரிப் பயிற்சியாளர் டுவைட் பீட் தன் மனைவியிடம் சொல்லி வீட்டிலிருந்த துணியில் கொடி தைத்து வாங்கி, ஓக்லஹோமா சிட்டி அணியோடு நடந்த ஆட்டத்தில் நடுவர்கள் கையில் கொடுத்தார். அப்படித் தொடங்கியது இது.

அப்புறம் ஒரு சோதனை வைத்தார். தலைக்கவசத்தால் முட்டும் 'டார்கெட்டிங்' தவறு தெரியும் அல்லவா? 2013இலிருந்து அதற்கு ஆட்டத்தை விட்டே வெளியேற்றம். அப்படி ஒரு காட்சியை முழு வேகத்தில் ஒரே ஒரு முறை ஓட்டி, "தவறு என்பவர்கள் கை தூக்குங்கள்" என்றார். பிறகு மெதுவாக ஓட்டினார். தூக்கிய கைகளில் பாதி இறங்கியது. அன்று கிளம்பும்போது ஒரு பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, இனிமேல் நடுவரைத் திட்டுவதற்கு முன் ஒரு நிமிடம் யோசிப்பேன் என்றார். ஓய்வு பெற்றவரையே அழைத்தது காரணத்தோடுதான். பணியில் இருக்கும் நடுவர் குறிப்பிட்ட ஆட்டங்களைப் பற்றி வாய் திறக்க முடியாது.

இதே வகையில் இன்னும் பலர் இருக்கிறார்கள். உபகரணப் பொறுப்பாளர், புல்தரை பராமரிப்பவர், பல்கலைக்கழகத்தின் 'மில்லியன் டாலர் பேண்ட்' வாத்தியக் குழுவில் இருந்தவர், அணியோடு ஊர் ஊராகப் போகும் செய்தியாளர், வானொலி வர்ணனையாளர். செய்தியாளர்கள் பெரும்பாலும் பர்மிங்ஹாமில் இருப்பார்கள். உங்களுக்கு நூறு மைல், ஒன்றரை மணி நேரம். பழைய வீரர்களில் நட்சத்திரங்களை விட, உதைக்கும் ஆட்டங்களில் பந்தைப் பின்னால் எறியும் லாங் ஸ்னாப்பர், அதைப் பிடித்து வைக்கும் ஹோல்டர் போன்றவர்கள் நன்றாகப் பேசுவார்கள். நட்சத்திரம் தன் கதையைப் பல மேடைகளில் சொல்லிச் சொல்லித் தேய்ந்திருக்கும். லாங் ஸ்னாப்பரிடம் யாரும் கேட்டதே இல்லை. கால்களுக்கு நடுவே தலைகீழாகப் பார்த்து ஏழு கெஜம் பின்னால் பந்தை எறிவது, தையல் உதைப்பவர் பக்கம் வராமல் ஹோல்டர் அதைத் திருப்பி நிறுத்துவது, உதை விழுவது, எல்லாமே ஒன்றே கால் வினாடிக்குக் கொஞ்சம் கூடக் குறைய முடிந்துவிடும். ஒரு பந்தைக் கையில் கொடுத்து, கூடத்திலேயே எறிந்து காட்டச் சொல்லுங்கள்.

அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டுதான் ஆட்களைத் தேட வேண்டும். டென்னசி அணியோடு ஆடும் ஆட்டத்துக்கு முந்தைய திங்கள் என்றால் அந்தப் போட்டியில் ஆடிய பழையவர். ஆட்டம் இல்லாத வாரத்தில் கூட்டம் குறையும், அன்று புல்தரைக்காரரையோ வாத்தியக் குழுவினரையோ வைத்தால் ஆர்வமுள்ளவர்கள் நெருங்கி உட்கார்ந்து பேசலாம். பரம எதிரியான ஆபர்ன் பல்கலைக்கழகத்தோடு ஆடும் 'அயர்ன் பௌல்' ஆட்டத்துக்கு முந்தைய திங்களுக்குத்தான் உங்கள் கைவசம் உள்ள சிறந்த ஆள். அந்த வாரம் வருடம் முழுக்க எட்டிப் பார்க்காதவர்களும் வருவார்கள்.

ஏப்ரலில், அலபாமா அணியின் வசந்தகால 'ஏ-டே' நிகழ்ச்சி முடிந்த கையோடு எழுதத் தொடங்குங்கள். ஜூலை முடிவதற்குள் எல்லாத் திங்களுக்கும் பெயர் விழுந்திருக்க வேண்டும். கடிதம் சின்னதாக இருக்கட்டும், ஆனால் அவர் மனதில் எழும் கேள்விகளுக்கெல்லாம் பதில் இருக்கட்டும். நான் எழுதுவது ஏறக்குறைய இப்படி: "அக்டோபர் 13, மாலை 6 மணிக்குச் சாப்பாடு, 6.45க்கு உங்கள் பேச்சு. 20 நிமிடம் பேச்சு, 20 நிமிடம் கேள்விகள், 7.30க்கு நீங்கள் கிளம்பிவிடலாம். 80 பேர் இருப்பார்கள், பத்திரிகையாளர் யாரும் இல்லை. மழைநாளில் மைதானத்தை எப்படித் தயார் செய்கிறீர்கள் என்பதைக் கேட்க ஆசைப்படுகிறோம்." கடைசி வரிதான் முக்கியம். "எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசுங்கள்" என்று எழுதினால் அவர் தன் பிறப்பிலிருந்து தொடங்கிவிடுவார். என் முதல் வருடத்தில் நேரமும் சொல்லாமல், பொருளும் சொல்லாமல் ஒரு பழைய வீரரை அழைத்தேன். ஒரு மணி பத்து நிமிடம் பேசினார். தவறு அவருடையது இல்லை, என்னுடையது. உங்கள் மன்றத்தில் நடந்ததும் இதுவாகத்தான் இருக்கும்.

கடைசி நேரத்தில் வராமல் போவதை முழுக்கத் தடுக்க முடியாது. பத்து நாள் முன்னால் ஒரு போன், இரண்டு நாள் முன்னால் ஒரு போன் செய்யுங்கள். அதோடு அரை மணி நேரத் தூரத்தில் இருக்கும் இரண்டு பேரிடம், "அவசரத்துக்கு மதியம் கூப்பிட்டால் மாலை வருவீர்களா?" என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள். மேடிசனிலோ டெகேட்டரிலோ இருக்கும் பள்ளிப் பயிற்சியாளர் ஒருவர் இதற்குச் சரியான ஆள். ஆனால் அவர் தன் மாணவர்களை உடன் கூட்டி வரக் கூடாது. காரணம் கீழே.

பணம் என்று பார்த்தால், இந்த மாதிரி ஆட்களில் பெரும்பாலோர் கேட்க மாட்டார்கள். ஆனால் பயணச் செலவை அவர்கள் கேட்கும் முன் நீங்களே கொடுத்துவிட வேண்டும். 2025க்கு அமெரிக்க வருமான வரித் துறை வைத்த கணக்கு மைலுக்கு 70 சென்ட். பர்மிங்ஹாமிலிருந்து வந்து போக 200 மைல், ஆக 140 டாலர். செய்தியாளர்கள் பலருக்குத் தாங்கள் எழுதும் அணியைச் சார்ந்தவர்களிடம் காசு வாங்குவது தொழில் ஒழுங்குக்கு மாறானது. அவர்களிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள். பெரிய நட்சத்திரங்களுக்கு முகவர் இருப்பார், ஆயிரக்கணக்கில் கேட்பார். அந்தத் தொகைக்கு உங்கள் பருவம் முழுவதையும் நடத்திவிடலாம்.

இப்போது நீங்கள் கேட்காத, ஆனால் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டிய விஷயம். அணியை ஆதரிக்கும் மன்றத்தில் உறுப்பினராகிவிட்டால் என்சிஏஏ கண்ணில் நீங்கள் 'பூஸ்டர்'. ஒருமுறை ஆனால் எப்போதும் பூஸ்டர்தான். பூஸ்டர்கள் செய்யும் தவறுக்குப் பல்கலைக்கழகம் விலை கொடுக்க வேண்டிவரும். டெக்சஸின் சதர்ன் மெத்தடிஸ்ட் பல்கலைக்கழகத்தில் பூஸ்டர்கள் வீரர்களுக்குப் பணம் கொடுத்துவந்ததற்காக 1987 பருவத்தையே என்சிஏஏ ரத்து செய்தது. அடுத்த வருடமும் அவர்களால் அணியை இறக்க முடியவில்லை. ஆகவே கல்லூரி அணிகள் சேர்க்கப் பார்க்கும் எந்தப் பள்ளி மாணவனும் உங்கள் கூட்டத்துக்குள் வேண்டாம், பள்ளிப் பயிற்சியாளரிடம் "உங்கள் பையன் எங்கே சேரப் போகிறான்?" என்ற கேள்வியும் வேண்டாம்.

தற்போது ஆடும் வீரர்கள் விஷயத்தில் நிலைமை மாறியிருக்கிறது. 2021 ஜூலை 1க்கு முன்னால் அவர்கள் தங்கள் பெயரை வைத்து ஒரு டாலர் கூட வாங்க முடியாது. இப்போது வாங்கலாம், ஆனால் 600 டாலரும் அதற்கு மேலும் போனால் வீரர் அந்த ஒப்பந்தத்தைப் பதிவு செய்தாக வேண்டும். யாராக இருந்தாலும் விதிமுறைகளைக் கவனிக்கும் பல்கலைக்கழகத்தின் கம்ப்ளையன்ஸ் அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் எழுதி, எழுத்தில் பதில் வாங்கிக்கொண்ட பிறகே அழையுங்கள். அவர்கள் இப்படிக் கேட்பவர்களை வரவேற்கிறவர்கள், தயங்க வேண்டாம்.

பேச்சைப் பதிவு செய்வது பற்றியும் விருந்தினரிடம் முன்பே பேசிவிடுங்கள். 2021 மே மாதம் ஹூஸ்டன் டச்டவுன் கிளப்பில் டெக்சஸ் ஏ அண்ட் எம் பயிற்சியாளர் ஜிம்போ ஃபிஷரிடம் ஒரு கேள்வி வந்தது. அப்போது உங்கள் அலபாமாவின் பயிற்சியாளராக இருந்த நிக் சேபன் ஓய்வு பெற்றால்தான் அவரை வெல்ல முடியுமா என்பது அதன் சாரம். அவர் இருக்கும்போதே வெளுத்துவாங்குவோம் என்று இன்னும் காட்டமான வார்த்தையில் ஃபிஷர் பதில் சொன்னார். மதிய உணவுக் கூட்டத்தில் சொன்னது நாடு முழுக்கச் செய்தியானது. அந்த வருடம் இருவரும் மோதும் வரை, ஃபிஷர் உட்பட சேபனின் பழைய உதவியாளர்கள் அவரோடு மோதிய 24 ஆட்டங்களிலும் தோற்றிருந்தார்கள். அக்டோபர் 9 அன்று ஃபிஷர் 41-38 என்று ஜெயித்தார், அது வேறு கதை. உங்கள் விருந்தினருக்கு அப்படி ஒரு தலைப்புச் செய்தி தேவைப்படாது. கைபேசியில் படம் பிடிக்கலாமா கூடாதா என்பதை அவரே முடிவு செய்யட்டும், நீங்கள் அதைக் கூட்டத்தின் தொடக்கத்தில் அறிவித்துவிடுங்கள்.

வரவேற்புரை ஒரு நிமிடம். நம் ஊர்க் கூட்டங்களில் வரவேற்புரையும் வாழ்த்துரையும் பேச்சாளரின் நேரத்தைத் தின்றுவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த வியாதி இங்கும் உண்டு. சாப்பாட்டின்போதே மேசைகளில் சிறு காகிதங்களைக் கொடுத்து கேள்விகளை எழுதி வாங்கிவிடுங்கள். மைக்கைக் கையில் கொடுத்தால் கேள்விக்குப் பதிலாகச் சொற்பொழிவு வரும்.

கேள்வி தொகுப்பதில்தான் கிரிக்கெட் பார்த்து வளர்ந்த உங்களுக்கு வசதி அதிகம். ஒரு உதாரணம் சொல்கிறேன். 2013 அயர்ன் பௌலின் கடைசி வினாடி உங்கள் மன்றத்தில் எல்லோருக்கும் ஆறாத புண். அலபாமா 57 கெஜத்திலிருந்து கம்பங்களுக்கு நடுவே புள்ளிக்காக உதைத்த பந்து (ஃபீல்ட் கோல் முயற்சி) தூரம் போகாமல் விழ, ஆபர்னின் கிறிஸ் டேவிஸ் அதைப் பிடித்து மைதானத்தின் மறுமுனை வரை ஓடி 34-28 என்று முடித்துவிட்டார். அன்று அலபாமாவின் உதைக்கும் குழுவில் இருந்த ஒருவர் வந்தால் எல்லோரும் "அன்று எப்படி இருந்தது?" என்றுதான் கேட்பார்கள். "வலித்தது" என்பதோடு பதில் முடிந்துவிடும். வெளியிலிருந்து வந்த நீங்கள் வெகுளியாகக் கேட்கலாம்: "உதை குறைவாகப் போய் எதிராளி பந்தைப் பிடித்து ஓடினால், உங்களில் யார் துரத்த வேண்டும்? அதைப் பயிற்சியில் ஓடிப் பார்ப்பீர்களா?" உடனே அவர் எழுந்து நின்று, மேசையில் இருக்கும் தம்ளர்களை நகர்த்திக் காட்டத் தொடங்குவார். உதைக்கும் அணியில் உதைப்பவரைக் காக்க நிற்பவர்கள் எல்லாம் கனத்த உடம்புக்காரர்கள், ஒரு ஓட்டக்காரனைத் துரத்திப் பிடிக்க அவர்களால் ஆகாது என்பது அப்போதுதான் கூடத்துக்கே கண்ணில் விழும். எல்லாம் தெரிந்த ரசிகருக்கு இந்தக் கேள்வி கேட்கக் கூச்சமாக இருக்கும். உங்களுக்கு இருக்காது.

கூட்டம் முடிந்து இரண்டு நாளுக்குள் கையால் எழுதிய நன்றிக் கடிதம் ஒன்று போகட்டும். அதில் அவர் சொன்ன ஒரு விஷயத்தைக் குறிப்பிடுங்கள், கடைசியில் "உங்களுக்குத் தெரிந்தவர்களில் அடுத்து யாரைக் கூப்பிடலாம்?" என்று கேளுங்கள். அந்தக் கொடிக்காரரை எனக்குக் காட்டிக்கொடுத்தவர், முந்தைய வருடம் வந்த புல்தரைக்காரர்தான்.