ஸ்பெயினில் வளர்ந்த கொரோஸ்டீசா மெக்சிக்கோவின் தூதரானது எப்படி?

மனுவேல் எதுவார்தோ தெ கொரோஸ்டீசா 1789-இல், அன்று ஸ்பெயினின் ஆட்சியிலிருந்த மெக்சிக்கோவின் வெராக்ரூஸ் நகரில் பிறந்தார். தந்தை இறந்தபின் குடும்பம் ஸ்பெயினுக்குச் சென்றதால் அங்கேயே வளர்ந்து, நெப்போலியனின் படைகளை எதிர்த்துப் போரிட்டு, நாடகாசிரியராகவும் புகழ் பெற்றார். 1823-இல் ஏழாம் பெர்னாந்து மன்னரின் எதேச்சாதிகாரம் மீண்டபோது, தாராளவாதியான அவருக்கு அங்கே இடமில்லாமல் போயிற்று. லண்டனில் அகதியாக இருந்தவர், 1824-இல் தாம் பிறந்த மண்ணான புதிய குடியரசுக்குத் தம் சேவையை அளிக்க முன்வந்தார், மெக்சிக்கோவும் ஏற்றுக்கொண்டது. ஐரோப்பிய அரசியலை உள்ளிருந்து அறிந்தவர்கள் அன்று அக்குடியரசிடம் மிகச் சிலரே இருந்தனர் என்பதே இதற்கு முதன்மையான காரணம் என்று கருதுகிறேன். நெதர்லாந்திலும் பிரிட்டனிலும் பணியாற்றி, 1833-இல் மெக்சிக்கோ திரும்பினார்.

ஆனால் அவருடைய பணிவாழ்வின் மிகக் கடினமான கட்டம் 1836-இல் வாஷிங்டனில்தான் வந்தது. மெக்சிக்கோவிடமிருந்து பிரிய டெக்சாஸ் நடத்திய கிளர்ச்சியின்போது, பூர்வகுடியினரின் தாக்குதலைத் தடுப்பதாகக் காரணம் காட்டி, ஜெனரல் கெயின்ஸின் அமெரிக்கத் துருப்புகள் மெக்சிக்கோ தனக்குரியதெனக் கருதிய நகோக்டோச்சஸ் நகருக்குள் நுழைந்தன. நடுநிலை பேசும் நாடு அயல்நாட்டு மண்ணில் படையை நிறுத்தலாகாது என்று கொரோஸ்டீசா திரும்பத் திரும்ப எழுதினார். படை விலக்கப்படாததால், அக்டோபரில் தம் கடவுச்சீட்டுகளைக் கேட்டுப் பெற்று, தூதுப் பணியை முடித்துக்கொண்டார். அமெரிக்காவை விட்டுப் புறப்படும் முன் அக்கடிதப் போக்குவரத்தை அவர் நூலாக அச்சிட்டது அமெரிக்க அரசைக் கடுமையாகச் சினமூட்டியது. தூதரக மரபை மீறிய செயல்தான். எனினும் வலிமை குறைந்த நாட்டின் தூதருக்கு எஞ்சியிருந்த கருவி அது ஒன்றே.

1847-இல், அறுபதை நெருங்கும் வயதில், மெக்சிக்கோ-அமெரிக்கப் போரின் சுருபுஸ்கோ சண்டையில் தன்னார்வப் படையணி ஒன்றுக்குத் தலைமையேற்று அதே அமெரிக்காவை எதிர்த்து நின்றார், 1851-இல் மறைந்தார்.