ஆறு மாசத்துக்கு ஒருக்கா மேமோகிராம் எடுத்தா கதிர்வீச்சே கேன்சர கொண்டு வந்துருமா?

மண்டபம் பக்கத்துலேர்ந்து 46 வயசு சகோதரி ஒருத்தங்க கேட்டிருக்காங்க. மேமோகிராம்ல, அதாவது மார்பகத்த எடுக்குற எக்ஸ்ரேல, இடது மார்புல சின்னதா ஏதோ தெரிஞ்சு, ரிப்போர்ட்ல பைராட்ஸ் 3னு (சந்தேகம் எவ்வளவுன்னு காட்டுற எண்) போட்டு ஆறு மாசம் கழிச்சு வரச் சொன்னாங்களாம். போய் எடுத்தாச்சு, இப்ப மூணாவது தடவைக்கு கூப்பிடுறாங்க. பக்கத்து வீட்டுல "இத்தன தடவ கரண்டு வச்சா இல்லாத கேன்சரும் வரும்"னு சொல்லிட்டாங்களாம்.

தைரியமா போய் எடுங்கம்மா. நம்ம ஊர்ல கரண்டு வைக்கிறதுன்னு சொல்றது கேன்சருக்கான கதிர்வீச்சு வைத்தியம், அதோட அளவே வேற. ரெண்டு மார்பையும் சேத்து நாலு படம் எடுத்தாலும் சுமார் 0.4 மில்லிசீவர்ட்தான் (கதிர்வீச்ச அளக்குற அலகு). மண்ணு, வானம், சாப்பாடுன்னு இயற்கையாவே உலகத்துல சராசரியா ஒரு ஆளுக்கு வருஷம் 2.4 மில்லிசீவர்ட் சேருது, அதாவது ஒரு தடவ மேமோகிராம்ங்கிறது சும்மா ரெண்டு மாசம் வீட்டுல இருந்தாலே வர்ற அளவு. ஆபத்து பூஜ்யம்னு சொல்ல மாட்டேன், ஆனா உங்க வயசுல அது ரொம்ப ரொம்ப கம்மி. பைராட்ஸ் 3னா நூத்துக்கு 98 பேருக்கு மேல கேன்சர் இல்ல, மாறாம இருக்கான்னு ரெண்டு வருஷம் பாக்குறதுதான் முறை, காசு புடுங்க கூப்பிடல.

காசு புடுங்குறவங்க வேற எடத்துல இருக்காங்க. சென்டர் வாசல்ல நின்னுக்கிட்டு, இங்க மிஷின் சரியில்லக்கா, மதுரைக்கு கூட்டிட்டு போறேன், ஒரேடியா ஃபுல் பாடி பெட் சிடி எடுத்துருவோம்னு சொல்ற ஆளுங்க இருக்காங்களே, அவங்கள கிட்டயே சேக்காதீங்க, அந்த ஸ்கேன்ல மேமோகிராமை விட பல மடங்கு கதிர்வீச்சு, உங்களுக்கு அது தேவையே இல்ல, அவங்களுக்கு கமிஷன் தேவை. டாக்டருங்க கமிஷன் வாங்கக் கூடாதுன்னு மருத்துவ கவுன்சில் 2002லயே விதி போட்டாச்சு, யாரு கேக்குறா?

இன்னொன்னு பழைய படம். அது கையில இல்லன்னா புதுசா எடுத்தத எதோட ஒப்பிடுறது? மாறலன்னு எப்படி சொல்றது? திரும்ப முதல்லேர்ந்து ஆறு மாசம், திரும்ப செலவு. ரிப்போர்ட் பேப்பர் மட்டும் குடுத்து அனுப்புறாங்க, கேட்டா சிஸ்டத்துல இருக்குங்குறாங்க. ரெக்கார்டு கேட்டா 72 மணி நேரத்துல குடுக்கணும்னு அதே 2002 விதியில இருக்கு, படம் பதிஞ்ச சிடி தட்டும் ஃபிலிமும் வாங்காம படி இறங்காதீங்க. வீட்டுல ஃபிலிம பிளாஸ்டிக் கவர்ல போட்டு வைங்க, கடல் காத்து ஈரத்துல ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும்.

ஒரு விஷயம் மட்டும் தனியா சொல்லணும். அம்மாவுக்கோ கூடப்பொறந்தவளுக்கோ 50 வயசுக்கு முன்னாடி மார்புல கேன்சர் வந்திருந்தா டாக்டர்கிட்ட கட்டாயம் சொல்லுங்க. அப்பா வழியும் கணக்குதாங்க, எத்தன பேரு அத்தைக்கு வந்தத சொல்லாம மறைக்கிறாங்க, சம்பந்தம் பேசுறப்ப வெளிய தெரிஞ்சிருமேன்னு. அத்தை, அப்பாவோட அம்மா, யாரா இருந்தாலும் சொல்லுங்க. மார்பு கேன்சர குடும்பத்துல கொண்டு வர்ற மரபணு மாற்றம் இருக்குற பொண்ணுங்களுக்கு இளவயசுல கதிர்வீச்சு இல்லாத எம்ஆர்ஐ தான் முதல்ல பாப்பாங்க, கணக்கே மாறிடும்.

நடுவுல கட்டி கைக்கு தட்டுப்பட்டாலோ, காம்புல ரத்தம் கசிஞ்சாலோ, தோல் உள்ள இழுத்தாலோ ஆறு மாசம்லாம் காத்திருக்காதீங்க, மறுநாளே போங்க. போறப்ப அக்குள்ல பவுடர் போடாதீங்க, படத்துல அது வெள்ளப் புள்ளியா, கால்சியம் மாதிரியே விழுகும், அதுக்காகவே இன்னொரு தடவ எடுக்கச் சொல்லுவாங்க. மாதவிடாய் முடிஞ்ச வாரத்துல போனா அழுத்தும்போது வலி கம்மியா இருக்கும்.